பஞ்சாலைக்குப் போன அந்தமான் ஹிந்தி

அந்த அக்காவுக்கு உட்காரத் தெரியாது. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. அந்தமானில், போர்ட் பிளேரின் ஹேடோ பகுதியில் எங்கள் ஜவுளிக்கடை இருக்கிற அகலத்துக்கு, ஒரு ஆள் நாள் முழுக்க இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தால் கல்லாவில் இருப்பவளுக்குத் தலை சுற்றும். எனக்குச் சுற்றியது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டேன். அதில் வங்காளி வீட்டுக் குழந்தைகள் உட்கார்ந்தன, பக்கத்துக் கடை டெய்லர் உட்கார்ந்தார், மழைக்கு ஒதுங்கிய பூனைகூட உட்கார்ந்தது. அக்கா மட்டும் உட்காரவில்லை.

அது சும்மா நடையும் இல்லை. அலமாரியை ஒட்டி, ஒரு தோளைச் சற்றே சாய்த்து, அடுக்குகளின் மேல் கண்ணை ஓட்டிக்கொண்டே போவாள். கோடியில் திரும்பி எதிர் அலமாரியை ஒட்டி வருவாள். எங்கேயாவது ஒரு நூல் தொங்கினால் கை தானாகப் போய்ப் பிடிக்கும். வாடிக்கையாளர் உடுத்தியிருக்கும் துணியென்றாலும் பிடிக்கும். ஒருமுறை கடற்படைக் குடியிருப்பிலிருந்து வந்த அம்மாள் ஒருவர், துப்பட்டாவை யாரோ இழுக்கிறார்களே என்று திரும்பினார். அக்கா அறுந்த நூலை விரலில் சுற்றிக் காட்டி, "தாகா நிக்லா", நூல் பிரிந்துவிட்டது, என்றாள். அந்த அம்மாள் என்னிடம் வந்து, திருடுவார்கள் என்று பின்னாலேயே ஆள் விடுகிறாயா என்று ஹிந்தியில் பிடித்துக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அக்கா அடுத்த சுற்றுக்குப் போய்விட்டாள்.

கடையை மூடியதும் நன்றாகவே ஏசினேன். கேட்டுக்கொண்டே அடுக்குகளைச் சரி செய்தாள். கடைசியில், "மில்லு நடைங் அம்மிணி. நின்னா நாலு இழை அறுந்துபோகும்னு காலுக்கு நெனப்பு" என்றாள். என்னைவிட நன்றாக மூத்தவள். ஆனாலும் முதலாளியை 'மேடம்' என்று கூப்பிடவும் வரவில்லை, பெயர் சொல்லவும் வரவில்லை; கோயமுத்தூர்க்காரர்கள் வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவதுபோல அம்மிணி என்று வைத்துக்கொண்டாள்.

கோயமுத்தூர் பக்கத்தில் ஒரு பஞ்சாலையில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளுக்கு வேலை. நூல் நூற்கும் மிஷின்கள் இரண்டு பக்கமும் நீளமாக நிற்கும். நடுச் சந்தில் ஷிப்ட் முழுக்க நடந்துகொண்டே, எந்த இழை அறுகிறதோ அதை விரலால் பிடித்து ஒட்டிவிட வேண்டும். அந்த வேலை செய்கிறவர்களுக்கு மில்லில் சைடர் என்று பெயர். கை ஒரு இழையை ஒட்டும்போதே கண் அடுத்ததைத் தேட வேண்டும் என்பாள். கல்யாணம் ஆனதும் அதே மில்லில் பிட்டராக இருந்தவரோடுதான். காதல் இல்லையாம். மிஷின் சத்தத்தில் என்ன பேசியிருக்க முடியும் என்று அவளே சிரிப்பாள்.

அந்த மில் ஏன் மூடியது என்று அவர்கள் ஊர்க்காரர்களைக் கேட்டால் பஞ்சு விலை, மின்வெட்டு, வெளிநாட்டு நூல், முதலாளி வீட்டுப் பாகப்பிரிவினை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அக்காவிடம் காரணமெல்லாம் கிடையாது. "கேட்டைப் பூட்டிப்போட்டாங்க" என்பாள், அவ்வளவுதான். காலை ஷிப்டுக்குச் சோற்றுத் தூக்குப்போசியோடு போனவர்கள் பூட்டைப் பார்த்துக்கொண்டு வெளியே நின்றிருக்கிறார்கள். தொழிற்சங்கத்தில் பந்தல் போட்டு எல்லோரையும் உட்காரச் சொன்னார்கள். இவள் பந்தலில் இருக்க முடியாமல் மில்லின் மதிற்சுவரைச் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லாமல் கிடந்தது, அதுதான் பொறுக்கவில்லை என்றாள். சொல்லும்போதும் நடந்துகொண்டுதான் இருந்தாள்.

பிறகு அண்ணனுக்குத் தெரிந்த ஒரு காண்டிராக்டர் கூப்பிட, இரண்டு பேரும் கப்பலேறி போர்ட் பிளேருக்கு வந்துவிட்டார்கள். அண்ணன் என்று நான் சொல்வது அவள் வீட்டுக்காரரை. கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வெல்டர் வேலை. ஊருக்குப் புறத்தே கராச்சர்மாவில் இடம் வாங்கி வீடு கட்டினார்கள். மகளை நடு அந்தமானில் ரங்கத் என்ற ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் நிலைத்துவிட்ட குடும்பம்தான். ஆனால் மெயின்லேண்ட் கப்பல் வருகிற நாளில் அக்காவைப் பிடித்து வைக்க முடியாது. துணி பேல் வந்து இறங்கியதும் பிரித்து, ஒவ்வொரு சட்டையாகக் கழுத்தைத் திருப்பி எந்த ஊரில் தைத்தது என்று பார்ப்பாள். வெளிநாட்டுப் பெயர் இருந்தால் முகம் சுண்டிவிடும். அந்தச் சட்டை அலமாரியின் அடித்தட்டுக்குப் போய்விடும். நடுவில் சில வருடம் எல்லாமே அந்த மாதிரி சரக்காக வந்தது. அடித்தட்டு நிரம்பி வழிந்தது, மேல்தட்டு காலி. வியாபாரம் என்ன ஆகும்? மலிவாகக் கிடைத்த சட்டையைக் கையில் எடுத்த ஒரு ஆளிடம், இரண்டு சலவைக்கு மேல் தாங்காது என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். நான் சண்டை போட்டேன். எங்க வயித்துல அடிச்ச துணிங் இது, என் வாயால நல்லாருக்குதுன்னு எப்படிச் சொல்றது என்று கேட்டாள். கடை வாடகைக்கு அது பதில் இல்லை.

பின்னால் மெல்ல மெல்லத் திருப்பூர் பனியனும் ஈரோட்டு நைட்டியும் மறுபடி மூட்டை மூட்டையாக வரத் தொடங்கின. அவற்றைக் கடை வாசலில் தொங்கவிட்டு, தன் பிறந்தவீட்டிலிருந்து சீர் வந்ததுபோல நின்றாள். நின்றாள் என்பது ஒரு பேச்சுக்குத்தான்.

அவள் ஹிந்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் போய் முடிந்தது. இந்தத் தீவில் ஹிந்தியைப் பள்ளிக்கூடத்தில் கற்றவர்கள் குறைவு. அக்கா தண்ணீர்க் குழாயடியில் கற்றாள். கராச்சர்மாவில் அடுத்த வீடு ஜார்கண்டிலிருந்து வந்த ராஞ்சிக்காரர்கள், எதிர்வீடு தெலுங்கு, பின்னால் வங்காளி. கோடையில் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, வந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் குடத்தோடு நிற்பார்கள். அங்கே நியாயம் கேட்கிற அளவுக்கு ஹிந்தி தெரியாதவள் வீட்டில் அன்றைக்கு உலை கொதிக்காது. சண்டையில் ஆரம்பித்த பேச்சு ராஞ்சிக்காரர் வீட்டோடு உறவாகிவிட்டது. அவர்கள் வீட்டுக்குள் பேசுகிற பேச்சும் அவளுக்கு ஒட்டிக்கொண்டது. மழைக்காலக் கடைசியில் அவர்கள் கர்மா பண்டிகைக்குக் கரம் மரக்கிளையை முற்றத்தில் நட்டு, கைகோத்துச் சுற்றி ஆடுவார்கள். அக்கா அன்றைக்குக் கடைக்கு லீவு போட்டுவிடுவாள். பொங்கலுக்குக் கேட்காதவள் கர்மாவுக்குக் கேட்பாள். ஒருத்தரும் உட்காராத பண்டிகை என்பதால் பிடித்துவிட்டது என்று நான் கிண்டல் செய்வேன்.

கொரோனாவெல்லாம் அடங்கி ஓரிரு வருடம் கழித்து, பழைய மில் மேஸ்திரி ஒருவர் அவளுக்குப் போன் செய்தார். மூடிக் கிடந்த மில்லை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். பெயின்ட் அடித்து, புது மிஷின் இறக்கி, ஓட ஆரம்பித்துவிட்டது. ஆனால் உள்ளூரில் மில் வேலைக்கு ஆள் இல்லை. ஜார்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பெண்களைக் கூட்டிவந்து ஹாஸ்டலில் வைத்திருக்கிறார்கள். சூப்பர்வைசர் சொல்வது பெண்களுக்குப் புரியவில்லை, பெண்கள் சொல்வது சூப்பர்வைசருக்குப் புரியவில்லை. நீ அந்தமானில் ஹிந்தி பொளந்து கட்டுகிறாயாமே, வந்து பழக்கிக் கொடு என்று கேட்டிருக்கிறார்.

மறுநாள் கடைக்குள் வந்தபோது அக்காவின் முகத்தைப் பார்த்து யாருக்கோ குழந்தை பிறந்திருக்கிறது என்று நினைத்தேன். "கோயமுத்தூர்ல ஹிந்திக்கோசரம் என்னைக் கூப்பிடறாங்க அம்மிணி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அன்றைக்கு அவள் நடந்த நடையில் அலமாரிக் கதவெல்லாம் ஆடியது.

அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. அதிகம் பேசாத மனிதர். அன்று மாலை கடைக்கே வந்து, என் முன்னால்தான் கேட்டார். "நம்மளைத் தெருவுல விட்ட மில்லு அது. இன்னிக்கு வாய் வேணும்னு கூப்பிடறான், நீயும் போறியா?"

"மில்லு என்னங் பண்ணுச்சு? பூட்டுனது ஆளுங்க" என்றாள் அக்கா.

அவர் என்னைப் பார்த்தார், நான் சொன்னால் கேட்பாள் என்ற நம்பிக்கையில். நானும் சொன்னேன். இந்த வயதில் ஷிப்ட் வேலையா, பஞ்சுத் தூசி நெஞ்சுக்கு ஆகுமா, அண்ணனுக்கு யார் சோறு பொங்குவது என்று வரிசையாக அடுக்கினேன். என் கடையை விட்டுப் போகாதே என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது, அதையும் மறைக்கவில்லை. அக்கா பொறுமையாகக் கேட்டாள். சோறு பொங்க அவருக்கே தெரியும் என்றாள். ஓடுகிற மில் ஒருமுறை காதில் விழுந்தால் போதும் என்றாள். கப்பல் டிக்கெட் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது.

கப்பல்துறைக்கு அண்ணன்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.  கப்பல் நகர்ந்தபோது மேல்தளத்தில் கம்பியை ஒட்டி அவள் முன்னும் பின்னும் நடப்பது தெரிந்தது. இவர் அதைப் பார்த்துக்கொண்டே, இவளைக் கட்டிக்கிட்டு நான் பட்ட பாடு என்று முணுமுணுத்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

அதன்பிறகு அந்த அக்கா எனக்குப் போனில்தான். முதல் மாதங்களில் ஒரே அதிசயம். இழை அறுந்தால் அந்த இடத்தில் விளக்கு எரிகிறதாம். நிறைந்த பாபினை மிஷினே கழற்றிக்கொள்கிறதாம். பெண்கள் காலில் சக்கரம் வைத்த ஷூவை மாட்டிக்கொண்டு மிஷினுக்கு மிஷின் வழுக்கிக்கொண்டே போகிறார்கள், ஒரே ஆள் நிறைய மிஷின் பார்க்கலாம் என்று நிர்வாகம் கொடுத்ததாம். தனக்கும் ஒரு ஜோடி கேட்டிருக்கிறாள். மேனேஜர் வயதைக் காட்டி மறுத்துவிட்டார். அது ஒன்றில்தான் அவளுக்கு மனத்தாங்கல். பெண்கள் அவளை மௌசி என்று கூப்பிட்டார்கள். சின்னம்மா முறை. ராஞ்சிக்காரர் வீட்டுப் பேச்சை அவள் வாயிலிருந்து கேட்ட அன்று, ஜார்கண்டுப் பெண் ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதாளாம்.

அந்த அழுகையிலிருந்துதான் அக்காவின் குரல் மாறியது. பெண்கள் அவளிடம் மனம்விட்டுப் பேசத் தொடங்கினார்கள். ஹாஸ்டலும் மில்லும் ஒரே மதிலுக்குள். ஞாயிற்றுக்கிழமை வேனில் சந்தைக்குக் கூட்டிப்போய்த் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். மற்ற நாளில் கேட்டைத் தாண்ட முடியாது. போன் ஆபீசில் இருக்கும், வாரம் ஒருமுறைதான் கைக்கு வரும். ஏன் என்று கேட்கிற பெண்களுக்கு, எல்லாம் உங்கள் பாதுகாப்புக்குத்தான் என்று அக்கா ஹிந்தியில் சொல்ல வேண்டும். சொல்லியும் இருக்கிறாள். என்னிடம் இதைச் சொன்னபோது, பெண்பிள்ளைகள்தானே, பாதுகாப்பு வேண்டியதுதானே என்றேன். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், அந்தப் பயத்தில் சொன்னேன்.  என்னைக் கூப்பிடறதுக்கு முந்தி இத யாரும் சொல்லலீங் என்றாள் அக்கா. திரும்பி வந்துவிடு என்றேன். மில் சத்தம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கர்மா வந்தது. ஊருக்குப் போக முடியாத பெண்கள், ஒரு மாலையும் இரவும் மிஷினை விட்டுவிட்டு ஹாஸ்டல் முற்றத்தில் ஆட அனுமதி வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டது நாலைந்து பெண்கள். மேனேஜர் அறையில் அக்கா நடுவில். ஏற்றுமதி ஆர்டர் நிற்கிறது, ஒரு ஷிப்டும் விட முடியாது, வேலைக்கு வராதவள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஒரேயடியாகப் போய்விடலாம் என்று சொல் என்றார் மேனேஜர்.

அக்கா பெண்கள் பக்கம் திரும்பி, துரை யோசித்துக்கொண்டிருக்கிறார், நீங்கள் வாயைத் திறக்காமல் முறைத்துக்கொண்டு மட்டும் நில்லுங்கள் என்று ஹிந்தியில் சொன்னாள். அவர்கள் முறைத்தார்கள். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பி, தமிழில், "மூட்டை எல்லாம் கட்டியாச்சாமுங். ஹாஸ்டல்ல ஒரு புள்ள பாக்கியில்லாம நாளைக்கே ரயிலேறிக்கிறோம்னு சொல்லுதுங்க" என்றாள்.

மேனேஜர் பெண்களின் முகத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். ஒரு ஷிப்ட் விட்டார்.

இதை அவள் போனில் சொல்லும்போது சிரிப்பில் பாதி வார்த்தை வரவில்லை. கரம் மரம் எங்கே தேடுவது, மில் தோட்டத்தில் கையில் அகப்பட்ட மரத்தில் ஒரு கிளையை ஒடித்து நட்டார்களாம். அக்காவும் கைகோத்துக்கொண்டாள். அண்ணனுக்கு வீடியோ வந்தது. அவர் கடைக்கு எடுத்துவந்து என்னிடம் காட்டினார். வரிசை வளைந்து வளைந்து போகிறது, நடுவில் கோயமுத்தூர்ச் சேலைக்கட்டில் இவள் மட்டும் ஒரு அடி பிந்தி ஆடுகிறாள். அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் போட்டார். நல்லாத்தான் இருக்கா என்றார், யாரையோ குறைசொல்வதுபோல.

பண்டிகை முடிந்து சில நாளில் தமிழும் தெரிந்த பீகார்க்கார சூப்பர்வைசர் ஒருவரை மில்லில் எடுத்தார்கள். அவர் பெண்களோடு பேச, அவர்கள் வெள்ளந்தியாக நடந்ததைச் சொல்ல, அக்காவின் மொழிபெயர்ப்பு வெளியே வந்துவிட்டது. அன்றைக்கே அவளை அனுப்பிவிட்டார்கள். பெண்களிடம் சொல்லிக்கொள்ளக்கூட விடவில்லை. அவள் கோயமுத்தூரில் தங்கை வீட்டுக்குப் போய், அங்கிருந்து எனக்குப் போன் செய்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அன்னிக்கு எங்களை வெளிய விட்டுப் பூட்டுனாங்க. இன்னிக்கு இதுகளை உள்ளார விட்டுப் பூட்டறாங்க. பூட்டு அதேதானுங் அம்மிணி" என்றாள்.

எனக்கு அவள்மேல்தான் கோபம் வந்தது. உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டுப் போயிருந்தால் வேலை இருந்திருக்கும், அந்தப் பெண்களுக்குப் பேச ஒரு மௌசியும் இருந்திருப்பாள். ஒரு பண்டிகைக்காக இரண்டையும் தொலைத்துவிட்டாளே என்று அன்று முழுக்கக் கடையில் எரிந்து விழுந்தேன். மாலைக்குள் கோபம் ஆறிவிட்டது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் மேனேஜர் சொன்னதை ஒரு எழுத்து பிசகாமல் சொல்லியிருப்பேன் என்று தோன்றியதும் அவள்மேல் ஒரு பிரியம் வந்தது. இன்னும் போகவில்லை.

திரும்பி வருவாள் என்றுதான் நானும் அண்ணனும் இருந்தோம். கப்பல் வந்தது, போனது. அடுத்ததும் வந்தது. தங்கை வீட்டில் என்னதான் செய்கிறாள் என்று தெரியவில்லை. ஒருநாள் அண்ணன் வேலையிலிருந்து அப்படியே, வெல்டிங் கறுப்புக் கையோடு கடைக்கு வந்தார். நீங்க போன் போட்டு வரச்சொல்லுங்க, நான் கூப்பிட்டா வம்புக்கு நிப்பா என்றார். அவர் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். அண்ணன் பக்கத்தில் நிற்கிறார் என்று அக்காவிடம் முதலிலேயே சொல்லியும் விட்டேன்.

"வீடு பூட்டிக் கெடக்குது, வந்துரு" என்று, நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணனே சொல்லிவிட்டார்.

மறுமுனையில் அக்கா சிரித்தாள். இப்போது வர முடியாது என்றாள். பல்லடம் பக்கம் வேறொரு மில்லிலிருந்து கூப்பிடுகிறார்கள். அங்கேயும் ஹாஸ்டல், அங்கேயும் வடக்கத்திப் பெண்கள், அங்கேயும் பேச ஆள் இல்லை. முதல் மில்லில் ஏன் அனுப்பினார்கள் என்பதை இவளே அவர்களிடம் சொல்லிவிட்டாளாம். என் ஹிந்தி இப்படித்தான் இருக்கும், வேண்டுமானால் கூப்பிடுங்கள் என்று.

"அத எதுக்குடி சொன்னே?" என்றார் அண்ணன்.

"பொறவு தெரிஞ்சு தொரத்தறதுக்கு இப்பவே தெரிஞ்சுக்கட்டும். ஞாயித்துக்கெழம கேட்டு தெறந்திருக்கோணும், போன் புள்ளைங்க கையிலயே இருக்கோணும், அப்படின்னா வர்றேன்னு சொல்லிப்போட்டேன்" என்றாள். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு சைடர் போய் மில்லுக்குச் சட்டம் சொல்வதா என்று கேட்டார். அக்கா அதற்குக் கோபப்படவில்லை. நிதானமாகத்தான் பதில் சொன்னாள்.

"அப்ப நமக்கு மில்லு இல்ல. இப்ப மில்லுக்கு ஆளு இல்லீங்."

 அண்ணன் கறுத்த கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கேட்க நினைத்ததை நான்தான் கேட்டேன், மில்காரர்கள் ஒத்துக்கொண்டார்களா என்று.

"இல்லீங் அம்மிணி, ஒத்துக்கல" என்றாள் அக்கா. "ஆனா அவங்க போனையும் வெக்கல."